ஒடியல் பிட்டுக்குள்ளை ஒளிச்ச நல்லெண்ணெய்

செவ்வாய்க்கிழமை காலமை நான் ரெண்டாந்தரமும் பிட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டன்.

இதிலை எழுதிறதுக்கு என்ன இருக்கு எண்டு கேப்பியள். இருக்கு. வெறும் ஒடியல் பிட்டை, காஞ்ச பனங்கிழங்கு மாவிலை அவிச்ச பிட்டை, திண்டு பாத்திருக்கிறியளோ? தேங்காய்ப்பூ இல்லாமல், சொதி இல்லாமல், ஒரு மீன்துண்டு இல்லாமல்? காறலும் கசப்புமா தொண்டைக்குள்ளை வந்து குந்திக்கொண்டு இருக்கும். சுடுதண்ணி குடிச்சுத்தான் கீழை தள்ளோணும். மூண்டு கிழமையா அதுதான் எனக்குக் காலமைச் சாப்பாடு. மண்ணை விழுங்கிற மாதிரி விழுங்கிக்கொண்டு இருந்தன்.

செவ்வாய்க்கிழமை மட்டும் பஞ்சு மாதிரி இறங்கிச்சு.

"இண்டைக்குப் பிட்டு நல்ல மெதுவா இருக்கு மாமி" எண்டன்.

மாமி எண்டால் என்ரை மனிசனைப் பெத்தவ. இன்னும் ஒரு பிடி அள்ளி என்ரை கோப்பையிலை வைச்சா.

ஒரு மணித்தியாலம் போயிருக்காது... வலப்பக்க விலாவுக்குக் கீழை பிடிச்சுது.

இந்தப் பேப்பரை இண்டைக்குத்தான் முதன்முதலாக் கையிலை எடுத்தவை ஆரும் இருந்தா, அவைக்காகச் சொல்லுறன். எனக்குப் பித்தப்பையிலை கல்லு. கல்லு எண்டால் உண்மையாவே கல்லு. ஆசுப்பத்திரியிலை படம் எடுத்துப் பாத்துச் சொன்னவை. வெட்டித்தான் எடுக்கோணுமாம். ஆனா உள்ளை புண்ணாக் கிடக்கிறபடியா உடனை வெட்டேலாது. ஆறு கிழமை எண்ணெயும் கொழுப்பும் தொடாமல் கிடந்து, நோ வராமல் இருந்தாத்தான் வெட்டலாம். இடையிலை நோ வந்தா? எண்ணின நாளெல்லாம் போச்சு. திரும்ப முதல் நாளிலையிருந்து எண்ணோணும்.

குசினிச் சுவரிலை அடுப்புக்கரியாலை கோடு போட்டு எண்ணுறன். முதல்தரம் சித்திரை வருசத்துக்கு எண்ணெயிலை பொரிச்ச அரியதரம் ஒண்டைக் கள்ளமாத் திண்டு நானே கெடுத்தன். அதுக்கு ஒருதரையும் குறை சொல்லேலாது. அந்த நோ ஆறித் திரும்ப எண்ணத் தொடங்கவே வைகாசியாப் போச்சு; ரெண்டாந்தரம் ஆனியிலை வந்துது. ஏன் வந்தது எண்டு அப்ப விளங்கேல்லை. இது மூண்டாந்தரம். இதுதான் கடைசியும். ஆவணி முடிய டாக்குத்தர் அம்மா தன்ரை ஊருக்குக் கப்பல் ஏறுறா. ஒரு வருசத்துக்கு வரமாட்டா. இன்னும் ஒரு வருசம் இந்தக் கல்லோடை கிடக்க என்னாலை ஏலாது. கல்லு நழுவிக் குழாயை அடைச்சுதெண்டால் செங்கமாரி வந்து கண் மஞ்சளாகி... மிச்சத்தை அவ சொல்லேல்லை. நான் கேக்கவுமில்லை.

நோ எண்டால் என்ன மாதிரி நோ எண்டு கேட்டு எழுதியிருந்தியள் ரெண்டு பேர். பிள்ளை பெத்தவைக்குச் சொன்னா விளங்கும். பிள்ளைநோ வரும், போகும், மூச்சு விட விடும். இது போகாது. வந்தா வந்ததுதான். விலாவிலை தொடங்கி முதுகாலை ஏறித் தோள்மூட்டிலை போய் நிக்கும். படுக்கேலாது, இருக்கேலாது. நான் கண்டுபிடிச்ச ஒரே வழி — முழங்காலிலை நிண்டு, அரிசிச் சாக்கிலை தலையைக் குத்திக்கொண்டு கிடக்கிறது. இவர் செங்கல்லை அடுப்பிலை சுடவைச்சுச் சாக்கிலை சுத்திக் கொண்டுவந்து முதுகிலை வைப்பார். கல்லுக்குக் கல்லாலை ஒத்தடம்!

"தோட்டத்திலைதான் கல்லுக் கிண்டிச் சாகிறன் எண்டு வீட்டை வந்தா, இஞ்சையும் கல்லோ" எண்டு இவர் ஒருநாள் சொன்னார். எங்கடை தோட்டம் ஒரு முழம் செம்மண், அதுக்குக் கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல். நோவோடை நோவாச் சிரிச்சன். சிரிச்சா இன்னும் கூட நோகும்.

போன மாசம் இந்தப் பத்தியிலை இதைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினன், ஊரே வைத்தியராகிப் போச்சு. பண்டத்தரிப்பிலையிருந்து ஒருவர், வாழைத்தண்டுச் சாறு குடி, கல்லுக் கரைஞ்சு ஒண்டுக்குப் போகேக்கை போயிடும் எண்டு எழுதியிருந்தார். அது வேறை கல்லு ஐயா! உடுவிலிலையிருந்து ஒரு அக்கா வந்த பிணியைப் பாக்காமல் வந்த வழியைப் பாக்கச் சொல்லி, ஆர் கண்ணூறு பட்டது எண்டு கேட்டிருந்தா. பக்கத்து வளவுப் பொன்னம்மாக்கா நேரையே வந்திட்டா. வந்து, முத்தத்திலை நிண்டுகொண்டு, மாமிக்குக் கேக்கிற மாதிரிச் சொன்னா:

"அரிசியை ஒழுங்கா அரிச்சுச் சமைக்கிற வீட்டிலை வயித்துக்குள்ளை கல்லு வருமோ?"

அண்டைக்குப் பிடிச்சுது மாமிக்கு. ரெண்டு நாள் சுளகும் கையுமா இருந்தா. ஒருக்கா அரிசி பாத்து முடிச்சு, திரும்பக் கொட்டி, திரும்பப் பாத்தா. பொறுக்கின குறுணிக்கல்லை எல்லாம் ஒரு சிரட்டையிலை போட்டு வைச்சா. அது அந்தக் கல்லில்லை மாமி, இது பித்தத்திலை தானா உறையிற கல்லு எண்டு நான் சொன்னதை அவ காதிலை வாங்கேல்லை. சிரட்டை இப்பவும் குசினிக்குள்ளை இருக்கு.

இப்ப எங்கடை பிள்ளையைப் பற்றிச் சொல்லோணும். சொல்லாட்டில் மிச்சம் விளங்காது.

கார்த்திகையிலை எனக்கு ஒரு பொம்பிளைப்பிள்ளை பிறந்தது. பதினெட்டு நாள் இருந்தது. முப்பத்தொண்டாம் நாளிலைதானே பேர் வைக்கிறது... அதாலை அதுக்குப் பேரில்லை. நாங்கள் மூண்டு பேரும் அதைப் பற்றிக் கதைச்சா "அது" எண்டுதான் கதைக்கிறது.

அது போனாப்பிறகும் மாமி பிள்ளைப்பெத்த சாப்பாட்டை நிப்பாட்டேல்லை. உங்கடை வீடுகளிலையும் இதுதானே வழக்கம் — உழுத்தங்களி, சரக்குக் கறி, பச்சை முட்டையை உடைச்சு ஊத்தி மேலை நல்லெண்ணெய். பிள்ளை இல்லாத வீட்டிலை பிள்ளைக்காரிச் சாப்பாடு! நாப்பத்தொரு நாளும் விடேல்லை. எனக்கு வேண்டாம் எண்டால், பெத்த வயிறு பெத்த வயிறுதான் பிள்ளை, குடி எண்டுவா. கண்ணை மூடிக்கொண்டு குடிச்சன். தையிலை முதல் நோ வந்துது. நோ வர வர, உடம்பு பலவீனம் எண்டு இன்னும் எண்ணெய் வந்துது. எண்ணெய் வர வர நோ வந்துது. ஒருதருக்கும் உறைக்கேல்லை.

அதிலை ஒரு புதினம் சொல்லுறன். நோவிலை நான் அழுதா, பாவம், பிள்ளையை நினைச்சு அழுகிறாள் எண்டு சொல்லுவினம். பிள்ளையை நினைச்சு அழுதா, நோகுதோ எண்டு கேப்பினம். முதலிலை கோவம் வரும். பிறகு விட்டிட்டன். எதுக்கு அழுகிறன் எண்டு சில நேரம் எனக்கே தெரியாது.

பங்குனியிலை கல்லு எண்டு தெரிஞ்ச அண்டைக்கு டாக்குத்தர் அம்மா சொன்னா, பிள்ளை வயித்திலை இருக்கிற காலத்திலைதான் கனபேருக்கு இந்தக் கல்லுக் கட்டுறது எண்டு. சும்மா சொல்லிக்கொண்டு போனா. எனக்கு ராவும் பகலும் அதே நினைவு. ரெண்டும் ஒரே வயித்திலை, ஒரே காலத்திலை வளந்திருக்கு. அது போச்சு. இது நிக்குது. எடுத்தாப்பிறகு கல்லைப் போத்தலிலை போட்டுக் கையிலை குடுப்பினமாம். வாங்கிறதோ, விடுறதோ? இன்னும் எனக்குத் தெரியேல்லை.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வாறன்.

மத்தியானம் போல நோ கொஞ்சம் இறங்கிச்சு. மாமி தோட்டத்துக்கு இவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தா. காலமைப் பாத்திரம் கிடந்தது. கழுவிப்போடுவம் எண்டு நீத்துப்பெட்டியை — பிட்டு அவிக்கிற ஓலைப்பெட்டிதான் — எடுத்துக்கொண்டு கிணத்தடிக்குப் போனன். தண்ணியை ஊத்தினன். தண்ணி ஓலையிலை ஒட்டேல்லை. உருண்டு உருண்டு ஓடிச்சு.

மணந்து பாத்தன். ஒடியல் மணம். திரும்ப மணந்து பாத்தன். ஒடியலுக்குக் கீழை... நல்லெண்ணெய்.

குசினிக்குள்ளை வந்து தேடினன். அலுமாரியிலை இல்லை. விறகுக்குப் பின்னாலை இல்லை. ஒடியல்மாப் பானைக்குள்ளை கையை விட்டன். அடியிலை போத்தல். மாவுக்குள்ளை தாட்டு வைச்சிருந்தா மனிசி.

மாமி வெறுஞ் சோத்துக் கடகத்தோடை திரும்பி வரேக்கை போத்தலைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வாசலிலை நிண்டன்.

"இது என்ன மாமி?"

"ஒரு கரண்டிதான் பிள்ளை."

"ஆனியிலையும் ஒரு கரண்டியோ?"

மாமி தலையைக் குனிஞ்சா. ஆனியிலை எனக்கு ஏன் நோ வந்தது எண்டு அப்பதான் விளங்கிச்சு. அப்ப தந்த குரக்கன்களிக்குள்ளை ஊத்தியிருக்கிறா. ரெண்டு தரமும் நான் ஒண்டொண்டாப் போட்ட கரிக்கோடெல்லாம் கண்ணுக்கு முன்னாலை வந்துது. அதுக்குப் பிறகு என்ரை வாய் என்ரை சொல்லுக் கேக்கேல்லை.

"ஒண்டைச் சாக்குடுத்தது காணாதோ உங்களுக்கு? என்னையும் அனுப்பினாத்தான் ஆறுமோ?"

எழுதேக்கை கை கூசுது. ஆனா சொன்னனான். என்ரை நல்ல கதையை மட்டும் எழுதிறதெண்டால் எனக்கு எதுக்கு இந்தப் பத்தி? அஞ்சாம் வகுப்போடை நிண்ட என்னைப் பேப்பர்க்கார ஐயா, நீ கதைக்கிற மாதிரி எழுது பிள்ளை எண்டு கேட்டு எழுத வைச்சவர். கதைக்கிற மாதிரி எண்டால் இதுவும்தானே.

மாமி கடகத்தை நிலத்திலை வைச்சா. கிணத்தடிக்குப் போனா. துலா ஏறி இறங்கிற சத்தம் கனநேரம் கேட்டுது. எட்டிப் பாத்தன். வாழைக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டா. காலமைதான் இவர் அந்த வாழைக்கெல்லாம் இறைச்சிட்டுப் போனவர்.

பொழுதுபடுற நேரம் சுளகை எடுத்துக்கொண்டு இருந்தா. அரிசியிலைதான் கண். என்ரை முகத்தைப் பாக்கேல்லை.

"நேத்துக் கிணத்தடியிலை உன்ரை காப்புக் கழண்டு விழுந்து உடைஞ்சது" எண்டா.

"ஓம். அதுக்கென்ன?"

"கலியாணத்துக்குச் சவுக்காரம் போட்டுத்தான் அந்தக் காப்பை உனக்கு ஏத்தினது. இப்ப கையை உதற விழுது."

நான் என்ரை கையைத் திருப்பிப் பாத்தன்.

"அதின்ரை கையிலை கட்டின கறுப்புநூலும் உப்பிடித்தான் பிள்ளை. மூண்டுதரம் அவிட்டு இறுக்கிக் கட்டினனான். மூண்டுதரமும் கழண்டுது."

எனக்கு அது தெரியாது. பதினெட்டு நாளும் அதைக் குளிக்க வாத்தது மாமி. நூல் கட்டினது மாமி. அது மெலியிறதை விரலாலை அளந்தது மாமி. எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை.

"உனக்குப் பால் குறைவு. நான்தான் உன்ரை சாப்பாட்டிலை எண்ணெயைக் குறைச்சுப்போட்டன் போலை" எண்டா.

நாப்பத்தொரு நாளும் எனக்கு வந்த எண்ணெய் எதுக்கு எண்டு அப்ப விளங்கிச்சு. பிள்ளை போனாப்பிறகு, குறைச்சு விட்டதைக் குடுத்து முடிச்சிருக்கிறா.

எங்கடை ஆக்கள் ஏன் இப்பிடி? மனசிலை கிடக்கிறதைச் சொல்ல வாய் வராது. கோப்பையிலை போடுவினம். கோவம் எண்டால் சோத்தைக் குறைப்பினம், பாசம் எண்டால் எண்ணெயைக் கூட்டுவினம். வாங்கித் திண்டவைக்கு ஒண்டும் விளங்காது.

வியாழக்கிழமை ஆசுப்பத்திரிக்குக் காட்டப் போற நாள். எண்ணிக்கை நிக்குதோ, அழியிதோ எண்டு அண்டைக்குத்தான் தெரியும். மாமி தானும் வாறன் எண்டு வெளிக்கிட்டா. பஸ்ஸிலை ஏறினா தலை சுத்தும் எண்டு அச்சுவேலிச் சந்தையைத் தாண்டிப் போகாத மனிசி. வழி முழுக்கக் கொட்டைப்பெட்டியை, வெத்திலையும் காசும் வைக்கிற ஓலைப்பையை, மடியிலை வைச்சு ரெண்டு கையாலையும் பொத்திக்கொண்டு இருந்தா.

டாக்குத்தர் அம்மா வெள்ளைக்காரி. தமிழ் கதைப்பா — புத்தகத்தைத் திறந்து வைச்சு வாசிக்கிற மாதிரி. வயித்தை அமத்திப் பாத்தா. கண்ணை இழுத்துப் பாத்தா. செவ்வாய்க்கிழமை நோ வந்ததைச் சொன்னன். முகம் மாறிச்சு.

"நீர் எண்ணெய் உட்கொண்டீரோ?"

திரைச்சீலைக்கு அங்காலை நீட்டு மர வாங்கிலை மாமி இருக்கிறா. சீலைக்குக் கீழாலை அவவின்ரை கால் ரெண்டும் தெரியிது. வெறுங்கால், செம்புழுதி.

"ஓம் அம்மா. ஆசையிலை நான்தான் ஊத்திச் சாப்பிட்டனான்."

"நீர் என்ன, சிறு பிள்ளையோ?" எண்டு தொடங்கினா. வாயைக் கட்டத் தெரியாதவைக்கு வெட்டி என்ன பிரயோசனம், தான் கப்பல் ஏறினாப்பிறகு ஆர் பாக்கிறது எண்டு நல்ல ஏச்சு. தலையைக் குனிஞ்சு கேட்டுக்கொண்டு இருந்தன். அரியதரத்துக்கு அண்டைக்கு வாங்காத ஏச்சு எண்டு நினைச்சன்.

திரைச்சீலை விலகிச்சு.

"அவள் பொய் சொல்லுறாள் அம்மா. அவளுக்கு ஒண்டும் தெரியாது. போட்டது நான்."

டாக்குத்தர் அம்மா ஏச்சை நிப்பாட்டினா. மாமியைக் கதிரையிலை இருக்கச் சொன்னா. ஒரு கடதாசி எடுத்து, சின்னக் கத்தரிக்காய் மாதிரி ஒண்டைக் கீறினா. இதுதான் பை, இது வாய், இது கல்லு எண்டா. எண்ணெய் வயித்துக்கு வந்தா இந்தப் பை பிழிஞ்சு குடுக்குமாம். பிழியேக்கை கல்லு வந்து வாயிலை இறுகுமாம். அதுதான் நோ.

மாமி கடதாசியைக் கனநேரம் பாத்தா.

"அப்ப நான் ஊத்த ஊத்த, உள்ளை பிழிஞ்சு பிழிஞ்சு குத்தியிருக்கு."

"ஆம் அம்மா."

"அப்ப..." மாமி கடதாசியை மடிச்சா. திரும்ப விரிச்சா. "அப்ப அந்தப் பிள்ளை? கடைசியிலை நீங்கள்தானே அதையும் பாத்தனீங்கள். எண்ணெய் குறைஞ்சதாலையோ அது செத்தது?"

எட்டு மாசமா அவ ஒருதரிட்டையும் கேக்காத கேள்வி அது. எனக்கும் அது கேள்விதானே.

"இல்லை அம்மா. அந்தக் குழந்தையின் இருதயம் பிறக்கும்போதே பழுது. பால் குடிக்க அதற்குப் பலம் இல்லை. எந்தத் தாயும், எந்தச் சாப்பாடும் அதைத் திருத்தியிராது. தகப்பனுக்கு நான் அன்றே சொன்னேன்."

தகப்பனுக்குச் சொன்னவவாம். வீட்டை வந்து இவரைக் கேட்டன். ஓம் எண்டார். உங்கள் ரெண்டு பேருக்கும் சொல்ல எனக்கு வாய் வரேல்லை எண்டார். அது வேறை கதை. அதை நானும் இவரும் கதைச்சுக்கொள்ளுறம்.

மாமி அழேல்லை. நான்தான் அழுதன். டாக்குத்தர் அம்மா, நோகுதோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். முதல்தரம் எனக்குத் தெரியும், எதுக்கு அழுகிறன் எண்டு.

பிறகு அவ சொன்னா — காய்ச்சல் இல்லை, கண் வெள்ளையாத்தான் இருக்கு, அமத்தினாலும் பெரிசா நோகேல்லை. இந்த ஒருக்காத் தான் பொறுக்கிறாவாம். எண்ணிக்கை நிக்கும், வெட்டுற நாளும் நிக்கும். ஆனா இன்னும் ஒரு துளி உள்ளை போனாலும் தான் கத்தியை எடுக்கமாட்டன் எண்டா. இதை என்னைப் பாத்துச் சொல்லேல்லை.

மாமி கொட்டைப்பெட்டியைத் திறந்தா. போத்தலை எடுத்து மேசையிலை வைச்சா. ஒடியல்மா இன்னும் கழுத்திலை ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"இது வீட்டிலை இருந்தா என்ரை கை சும்மா இராது அம்மா. நீங்களே வைச்சிருங்கோ."

டாக்குத்தர் அம்மா மூடியைத் திறந்து மணந்து பாத்தா. சிரிச்சா. அவ சிரிச்சு நான் கண்டதில்லை. தனக்கு எதுக்கு இது எண்டு திருப்பி நீட்டினா. மாமி வாங்கேல்லை. என்ரை தலையைப் பாத்துக்கொண்டு நிண்டா. அது போன நாளிலையிருந்து நான் தலைக்கு எண்ணெய் வைக்கேல்லை. ஒருதரும் வைக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் எண்டு சொல்லவும் இல்லை. தும்பு மாதிரிக் கிடந்தது.

"தலைக்கு வைக்கலாமோ அம்மா? அது உள்ளை இறங்காதோ?"

"தலைக்கு வைக்கலாம். வெளியே வைத்தால் ஒன்றும் செய்யாது."

ஆசுப்பத்திரி முத்தத்து வேப்பமரத்துக்குக் கீழை ஒரு வாங்கு இருக்கு. வீட்டை போய் வைப்பம் மாமி எண்டன். கேக்கேல்லை. இரு பிள்ளை எண்டு தோளிலை பிடிச்சு இருத்தினா. என்ரை கொண்டையை அவிட்டா. போறவை வாறவையெல்லாம் பாக்கினம். உச்சியிலை முதல் கை எண்ணெயை மெள்ள வைச்சா. பிறகு போத்தலைச் சரிச்சு ஊத்தினா.

இன்னும் பத்தொன்பது கோடு போடோணும். பாப்பம்.

பஸ்ஸிலை பக்கத்திலை இருந்த மனிசி தன்ரை சீலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி இருந்தா. கழுத்தாலை வடிஞ்சு, சட்டை நனைஞ்சு, முதுகெல்லாம் நல்லெண்ணெய். எவ்வளவு வைக்கலாம் எண்டு டாக்குத்தர் அம்மா அளவு சொல்லேல்லை... மாமி கேக்கவுமில்லை.